நாலு மொழி, ஒரே அடுப்படி

காலை ஆறே கால். படாளத்தில் எங்கள் வீட்டு அடுப்படி. அடுப்பில் பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.

"பாலு! பாலு!" என்று தெலுங்கில் கூவுகிறார் என் அத்தை. "அம்மா, பால்!" என்று தமிழில் கத்துகிறாள் இரண்டரை வயதுச் சின்னவள். வாசலிலிருந்து ஓடி வருகிற ஏழு வயதுப் பெரியவன் வாயில் வருவது "மில்ஷ்!" அது ஜெர்மன். ஹாலில் என் கணவர் அலுவலக போனில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு பாத்திரம் பால், அதைக் காப்பாற்ற மூன்று மொழியில் குரல், பின்னணியில் நாலாவது! நான் பாய்ந்து அடுப்பை அணைக்கிறேன். ஒரு நாள் தொடங்கிவிட்டது.

வாருங்கள், செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்! வெளிநாட்டில் படித்து முடித்துப் பிள்ளைகளோடு ஊர் திரும்புகிற குடும்பங்களைப் பார்த்து எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "பசங்க என்ன பாஷை பேசுறாங்க?" என்பதுதான். அதற்கான பதில் விருந்தாளி உட்காரும் ஹாலில் கிடைக்காது. அடுப்படியில், சைக்கிள் நிறுத்தும் இடத்தில், ராத்திரி பாய் விரிக்கும் நேரத்தில் கிடைக்கும். அங்கெல்லாம் இன்று உங்களைக் கூட்டிப் போகப் போகிறேன். எனக்கு இதைவிட சந்தோஷமான வேலை கிடையாது!

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஜெர்மனியின் ஆஹன் நகரில் முனைவர் பட்டத்துக்குப் படித்தேன். நாலரை வருடம். ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் தொட்டுக்கொள்ளும் முனை அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. போகும்போது பெரியவனுக்கு ஒரு வயது, திரும்பும்போது ஐந்தரை. சின்னவள் அங்கே பிறந்து, ஒரு வயதில் எங்களோடு விமானம் ஏறினாள். இங்கே வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கணவரின் வீடு படாளம். மாமனார் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தை பக்கம் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள் தெலுங்கு. ஆகவே பிள்ளைகளுக்கு அவர் பாட்டி அல்ல, அவ்வா.

ஜெர்மனிக்குப் போகும் முன்பே எங்கள் வீட்டில் மூன்று மொழி இருந்தது. நாங்கள் பெட்டியில் கொண்டுவந்தது நாலாவது.

ஆளைப் பார்த்து மொழி

ஃப்ரிட்ஜ் கதவைப் பாருங்கள். காந்தத்தில் மாட்டிய அந்தத் தாளில் பெரியவனே படம் வரைந்திருக்கிறான். கண்ணாடி போட்ட முகம் அவ்வா: தெலுங்கு. நீளப் பின்னல் அம்மா: தமிழ். மீசை அப்பா: ஜெர்மன். புத்தகப் பை, பள்ளிக்கூடம்: ஆங்கிலமும் தமிழும். தாத்தாவுக்கு மட்டும் இரண்டு வாய் வரைந்திருக்கிறான், அவர் தமிழும் தெலுங்கும் மாற்றி மாற்றிப் பேசுவதால்!

இந்த ஏற்பாட்டுக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ழா தன் மகன் லூயியை வளர்த்தபோது, 'ஒரு ஆள், ஒரு மொழி' என்ற யோசனையை அவருக்குச் சொன்னவர் மோரிஸ் கிராமோன் என்ற இன்னொரு மொழியியலாளர். 1908-ல் பிறந்த லூயியிடம் அப்பா பிரெஞ்சு மட்டும் பேசினார், அம்மா ஜெர்மன் மட்டும் பேசினார். மகன் எந்த ஒலியை எப்போது பிடித்தான், எந்தச் சொல்லை யாரிடம் சொன்னான் என்று அப்பா எழுதி எழுதி வைத்து, 1913-ல் புத்தகமாக்கினார். இரண்டு மொழியில் வளரும் குழந்தையைக் கூர்ந்து கவனித்து எழுதிய முதல் பெரிய பதிவு அது. தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அப்பா நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் அந்தக் காட்சியை நினைத்தாலே எனக்கு மனசு துள்ளுகிறது.

அமெரிக்காவில் இன்னொரு அப்பா இருந்தார், வெர்னர் லியோபோல்ட். மகள் ஹில்டகார்டிடம் ஜெர்மன் மட்டும் பேசினார். அம்மா ஆங்கிலம் பேசினார். இவர் எழுதியது நான்கு தொகுதி, 1939 முதல் 1949 வரை வெளிவந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சின்ன நிகழ்ச்சி உண்டு. எல்லா அப்பாக்களும் ஜெர்மன்தான் பேசுவார்களா என்று ஹில்டகார்ட் அம்மாவிடம் கேட்டாளாம்! அவளுக்கு மொழி என்பது ஊர் சம்பந்தப்பட்டதோ நாடு சம்பந்தப்பட்டதோ அல்ல. மொழி என்றால் ஒரு ஆள். அந்த ஆள் அப்பா.

இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேண்டியிருக்கும்.

'ருட்ஷன் பண்ணலாமா?'

நாங்கள் வந்த முதல் வாரம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பெரியவன் பூங்காவுக்குப் போனான். சறுக்குமரத்தைப் பார்த்ததும் குதித்தான்: "ருட்ஷன் பண்ணலாமா? ருட்ஷன் பண்ணலாமா?" பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். ஜெர்மனில் 'ருட்ஷன்' என்றால் சறுக்குவது.

அன்று உறவுக்காரர் ஒருவர் அக்கறையோடு சொன்னார், "பையன் குழம்பிப் போயிருக்கான், ஏதாவது ஒரு மொழியில நிறுத்துங்க." நான் வீட்டுக்கு வந்து அந்த இரண்டு சொல்லையும் பிரித்துப் பார்த்தேன். எத்தனை அழகு! தமிழில் வேற்றுமொழி வினை எது வந்தாலும் அதன் பின்னால் ஒரு 'பண்ணு' வைத்தால் போதும், அது தமிழ் வினையாகிவிடும். போன் பண்ணு, ஷேர் பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு. பிறகு 'பண்ணலாம்', 'பண்ணினேன்', 'பண்ணாதே' என்று எல்லா வளைவுக்கும் அது வளையும். ஐந்தரை வயதுப் பையன் அந்த விதியை யாரும் சொல்லித்தராமல் பிடித்து, ஒரு ஜெர்மன் வினையை அதற்குள் ஏற்றியிருக்கிறான். அவனிடம் இல்லாதது 'சறுக்கு' என்ற ஒரு சொல் மட்டும்தான். தமிழின் எலும்புக்கூடு முழுசாக இருந்தது. மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் "டேய், அது சறுக்குமரம்டா" என்றாள். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது.

இன்னொன்று சொல்கிறேன். ஜெர்மனில் 'டொஹ்' என்று ஒரு குட்டிச் சொல் இருக்கிறது. "நீ இன்னும் பல் தேய்க்கலை" என்றால் அங்குள்ள பிள்ளைகள் "டொஹ்!" என்பார்கள். 'நீ இல்லை என்றது தப்பு, நான் தேய்த்துவிட்டேன்' என்ற முழு வாக்கியமும் அந்த ஓர் அசைக்குள் அடங்கிவிடும். பெரியவன் அதை அவ்வாவிடமும் சொன்னான். மூன்றே வாரத்தில் அவ்வாவும் பிடித்துக்கொண்டார்! தாத்தா "நீ மாத்திரை போட்டுக்கல" என்றால் அவ்வா நிமிர்ந்து, "டொஹ்!"

விமானத்தில் ஒரு சிறுவன்

இப்போது கொஞ்சம் கதவைச் சாத்திக்கொண்டு பேசவேண்டிய விஷயம். வந்த மூன்றாவது மாதம். ஆஹன் மழலையர் பள்ளியில் பெரியவனுக்கு ஒரு தோழன் இருந்தான். சனிக்கிழமைகளில் வீடியோவில் பேசிக்கொள்வார்கள். அந்தச் சனிக்கிழமை தோழன் பேசிக்கொண்டே இருக்க, எங்கள் பையன் திரையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தான். சொன்னதெல்லாம் புரிந்தது. பதில் மட்டும் வரவில்லை. அழைப்பு முடிந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னான், "வார்த்தை ஒளிஞ்சுக்கிச்சும்மா."

அன்று இரவு நான் தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் ராபின்ஸ் பர்லிங்கின் கட்டுரை. அவர் அமெரிக்க மானிடவியலாளர். 1954-ல் மனைவியோடும் பதினாறு மாதக் கைக்குழந்தையோடும் இன்றைய மேகாலயாவில் இருக்கும் காரோ மலைக்கு ஆய்வுக்காக வந்தார். மகன் அங்குள்ள மக்களோடு வளர்ந்தான். காரோ மொழி அவன் நாக்கில் ஆங்கிலத்தை முந்தியது. 1956-ல் அவர்கள் கிளம்பும்போது அவனுக்கு மூன்று வயது தாண்டியிருந்தது.

திரும்பும் வழியில் விமானத்தில் அவனுக்குப் பக்கத்தில் மலாயாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் உட்கார்ந்தார். அவருடைய முகம் காரோக்காரர்களின் முகம் மாதிரியே இருந்தது. குழந்தை அவரைத் தன் ஆள் என்று நினைத்தான். பல வாரமாக அடைத்து வைத்திருந்த காரோ மொழி மொத்தமும் மடை திறந்தது போலக் கொட்டியது! பாவம், அந்த இளைஞருக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஊரை விட்டு வந்த ஆறு மாதத்துக்குள் மகன் மிக எளிய காரோ சொற்களுக்கே தடுமாறினான் என்று பர்லிங் 1959-ல் எழுதினார்.

படித்து முடித்ததும் எழுந்து போய்த் தூங்கும் பையனைப் பார்த்தேன். விமானத்தில் அந்தக் குழந்தை தேடியது பாடப்புத்தகத்தையோ வகுப்பையோ அல்ல. ஒரு ஆளை.

ஜப்பானில் இப்படி வெளிநாட்டில் வளர்ந்து திரும்பும் பிள்ளைகளுக்கு 'கிகோகுஷிஜோ' என்று தனிப் பெயரே இருக்கிறது. அவர்களைப் பல வருடமாக ஆராய்ந்திருக்கிறார்கள். எட்டு, ஒன்பது வயதுக்குள் திரும்பியவர்கள் மொழியை வேகமாக இழக்கிறார்கள். படிக்க எழுதக் கற்ற பிறகு திரும்பியவர்களிடம் அது அதிக நாள் தங்குகிறது. எங்கள் பையனோ எழுத்துக் கூட்டும் முன்பே திரும்பியவன். ஆனால் லியோபோல்ட் எனக்கு ஆறுதலும் தந்தார். ஐந்து வயதில் ஜெர்மனிக்குப் போன ஹில்டகார்டின் ஆங்கிலம் சில வாரங்களிலேயே ஒதுங்கியது. அமெரிக்கா திரும்பியதும் மறுபடி வந்தது. ஒளிந்துகொண்ட மொழி ஓடிப்போன மொழி அல்ல. கூப்பிட ஆள் இருந்தால் வரும்.

அவ்வா கை நீட்டும் ரகசியம்

வந்த புதிதில் என் கணவர் ஒரு முடிவெடுத்தார். "நான் இனிமே இவன்கிட்ட ஜெர்மன்லதான் பேசுவேன்." இரண்டு நாள் பையன் பொறுத்தான். மூன்றாம் நாள் கேட்டான், "அப்பா, நீங்க ஜெர்மன்காரர் இல்லையே? உங்களுக்குத் தமிழ் தெரியுமே?" நியாயமான கேள்வி! பிள்ளைகள் தேவையில்லாத சுமையைத் தூக்கமாட்டார்கள்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அவ்வாவுக்கும் தமிழ் நன்றாகத் தெரியுமே! கீரைக்காரம்மாவோடு பேசுவது தமிழ், ரேஷன் கடையில் தமிழ், நாளிதழ் படிப்பது தமிழ். தெலுங்கு எழுத்து ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. அந்த மொழியை அவர் பள்ளியில் படித்ததே இல்லை. விஜயநகரக் காலத்திலும் அதன் பிறகும் இந்தப் பக்கம் வந்து குடியேறிய எத்தனையோ குடும்பங்கள் போல, வாயிலிருந்து காதுக்கு என்று வந்த மொழி அவருடையது. அப்படியிருந்தும் பையன் அவரிடம் தெலுங்கில்தான் பேசுகிறான். எப்படி?

ஒரு வாரம் அடுப்படி மேடையில் உட்கார்ந்து கவனித்தேன். இதோ ரகசியம்! முறுக்கு டப்பா அவ்வா கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் இருக்கிறது. பையன் வந்து "முறுக்கு குடுங்க" என்றால் அவ்வா பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருப்பார். "அவ்வா, இவ்வு" என்றால் உடனே கை நீளும், டப்பா இறங்கும், கூடவே "மஞ்சி பில்லாடு" என்று ஒரு கொஞ்சலும் கிடைக்கும். இதை அவர் சட்டமாகப் போட்டதே இல்லை. கேட்டால் சிரிக்கிறார்: "அடுப்படி வேலை எங்கம்மா காலத்துல இருந்து அந்த பாஷையிலதானேம்மா நடக்குது."

அதுதான் விஷயம். தீனி, தாலாட்டு, சாமி விளக்கு ஏற்றுவது, முழங்கால் சிராய்த்தால் தேங்காய் எண்ணெய், கோபத்தில் ஓர் அதட்டல் எல்லாம் அவரிடம் அந்த ஒரே மொழியில் கிடைக்கும். மொழிக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளிடம் பிள்ளைக்கு ஒரு காரியம் இருக்கவேண்டும். முதல் பாதியை ரோன்ழா எனக்குச் சொன்னார். இரண்டாம் பாதியை அவ்வா சொன்னார்.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் அனிக் டி ஹவ்வர் என்ற மொழியியலாளர் 1,899 குடும்பங்களை ஆராய்ந்து 2007-ல் முடிவுகளை வெளியிட்டார். டச்சு தவிர இன்னொரு மொழி பேசும் வீடுகள் அவை. அந்த இன்னொரு மொழியை வீட்டில் கேட்டு வளர்ந்தும், ஏறத்தாழ நாலில் ஒரு வீட்டுப் பிள்ளைகள் அதைப் பேசவில்லை! அப்பா ஒரு மொழி, அம்மா ஒரு மொழி என்று பிரித்துக்கொண்ட வீடுகளில் நூற்றுக்கு 74 வீடுகள் வென்றன. இருவரும் வீட்டுக்குள் அந்தச் சிறுபான்மை மொழியை மட்டுமே பேசிய வீடுகளில் நூற்றுக்கு 97. ஆளைப் பிரித்தால் மட்டும் போதாது. அந்த மொழியில் வாழ்க்கை எவ்வளவு நடக்கிறது என்பதே பெரிது. அவ்வாவின் அடுப்படி அதனால்தான் ஜெயிக்கிறது.

ரெண்டு தமிழ்

இனி ராத்திரி எட்டரை மணிக்குப் போவோம். பாய் விரித்தாயிற்று. இது என் நேரம், தமிழ் நேரம்!

வெளிநாட்டிலிருந்து திரும்பும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருக்கிறது. வீட்டில் அவர்கள் கற்றது ஒரு தமிழ், பள்ளிப் புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். "வந்துட்டேன்" என்று சொல்லிப் பழகியவன் முன்னால் 'வந்துவிட்டேன்' நிற்கிறது. "இருந்துச்சு" என்பவனிடம் 'இருந்தது' என்கிறார்கள். ஊரிலேயே வளர்கிற பிள்ளை பள்ளிக்குப் போகும் முன்பே தொலைக்காட்சிச் செய்தி, கோயில் ஒலிபெருக்கி, சுவரொட்டி, மேடைப் பேச்சு என்று இரண்டாவது தமிழையும் காதில் வாங்கியிருக்கும். ஆஹனில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் காது வாய்க்கவில்லை. தமிழ்நாட்டில் 2006-ன் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு முதல் வகுப்பிலிருந்தே தமிழ் கட்டாயப் பாடம். ஆகவே வந்த வேகத்தில் அந்த இரண்டாவது தமிழைச் சந்தித்தே ஆகவேண்டும்.

நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? கதைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை அச்சில் இருப்பது போலவே மெதுவாகப் படிப்பேன். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு அதே பக்கத்தைப் பேச்சில் சொல்வேன். மூன்றாவது சுற்றில் அவன் முறை. நான் பேச்சில் சொன்னால் அவன் புத்தகத் தமிழில் திருப்பவேண்டும். 'போச்சு' என்றால் 'போயிற்று'. 'கெடச்சுது' என்றால் 'கிடைத்தது'. ஒவ்வொரு தடவை சரியாக வரும்போதும் எழுந்து நின்று குதிக்கிறான்! சின்னவளும் காரணம் தெரியாமல் கூடவே குதிக்கிறாள்.

ஒரு நாள் கேட்டான், "புக்குல வயல்னு இருக்கு, தாத்தா கழனின்னு சொல்றாங்க, எது சரி?" இரண்டும் சரிதான் கண்ணா! கழனி இந்த மண்ணின் சொல். படாளத்தில் கழனிக்குப் போவார்கள். புத்தகத்தில் வயலுக்குப் போவார்கள். அன்றிலிருந்து அவனுடைய நோட்டில் 'தாத்தா சொல்' என்று தனிப் பக்கம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னும் வெளிநாட்டில் இருக்கும் தோழிகளுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: பேச்சோடு நிறுத்தாதீர்கள், எழுத்தையும் தொட்டு வையுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பாடங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஒரு பாட்டு, ஒரு கதை, பத்து எழுத்து. ஊருக்கு வந்து இறங்கும்போது அந்தப் பத்து எழுத்து பிள்ளைக்குப் பத்து நண்பர்கள் மாதிரி.

ஞாயிறு, எலி, ஸ்பானர்

அவ்வாவின் ரகசியம் தெரிந்த பிறகு என் கணவரின் ஜெர்மனுக்கும் ஒரு காரியம் கொடுத்தோம்.

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் எலி வரும்! ஜெர்மன் தொலைக்காட்சியில் 1971-லிருந்து ஓடும் குழந்தைகள் நிகழ்ச்சி அது. 'எலியோடு வரும் நிகழ்ச்சி' என்பதுதான் பெயரின் பொருள். ஆரஞ்சு நிற எலியும் நீல நிறக் குட்டி யானையும் அதில் உண்டு. பென்சில் எப்படிச் செய்கிறார்கள், பற்பசைக்குள் கோடு எப்படி வருகிறது என்று எல்லாவற்றின் உள்ளேயும் புகுந்து காட்டுவார்கள். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது அதன் ஆரம்பம். அன்றைய நிகழ்ச்சியில் என்னென்ன என்று முதலில் ஜெர்மனில் சொல்வார்கள். உடனே அதையே வேறொரு நாட்டு மொழியில் திரும்பச் சொல்லிவிட்டு, அது எந்த மொழி என்று பிறகு அறிவிப்பார்கள். அது என்ன மொழி என்று வீடே ஊகிக்கும்! தாத்தா ஒவ்வொரு வாரமும் "மலையாளம்" என்பார்.

அது முடிந்ததும் அப்பாவும் பிள்ளையும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார்கள். ஸ்பானர், கட்டிங் பிளேயர், திருகாணி எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மணி நேரம் ஜெர்மன் பெயர். 'ஷ்ரௌபெ' என்றால் திருகாணி. 'ட்ஸாங்கெ' என்றால் பிளேயர். பெயர் சரியாகச் சொன்னால் கருவி கைக்கு வரும். முறுக்கு டப்பாவின் அதே சூட்சுமம்! "நீங்க ஜெர்மன்காரர் இல்லையே" என்ற கேள்வி திரும்ப வரவே இல்லை.

நவம்பருக்குப் பிறகு வந்தீர்கள் என்றால் உங்களையும் வேடந்தாங்கலுக்குக் கூட்டிப் போவோம். படாளம் கூட்ரோட்டில் திரும்பினால் போதும். ஏரிப் பறவைகளைக் காத்துவந்த ஊர்க்காரர்களின் கோரிக்கையை ஏற்று 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை கொடுத்த இடம். போன பருவத்தில் கரையில் நின்று பெரியவன் "ஷ்டோர்ஷ்!" என்று விரல் நீட்டினான். நாரைக்கு ஜெர்மன் பெயர். தாத்தா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "அது நத்தைகுத்தி நாரை. அலகு நடுவுல சந்து தெரியுது பாரு, நத்தையைப் புடிக்கத்தான்" என்றார். ஜெர்மன் சொல்லுக்குள் இல்லாத ஒரு நத்தையும் ஒரு சந்தும் தமிழில் இருந்தன! பையன் அந்த அலகையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்று 'தாத்தா சொல்' பக்கத்தில் ஒரு பறவை ஏறியது.

எங்களுக்கு முன்னால் போய் வந்தவர்கள்

நாங்கள்தான் முதல் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கரைக்கு அது பழைய பழக்கம். கல்பாக்கத்தில் 18 அக்டோபர் 1985 அன்று இயங்கத் தொடங்கிய வேக ஈனுலை, பிரான்ஸின் கடராஷில் இருந்த ராப்சோடி உலையின் வடிவத்தைத் தழுவியது. அதற்காக இந்தியப் பொறியாளர்கள் பிரான்ஸுக்குப் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். கல்பாக்கம் நகரியத்தில் இன்றைக்கும் மாலை நேரத்தில் நடந்து பாருங்கள். ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, வங்காளம் காதில் விழும். பிள்ளைகள் விளையாட்டில் எல்லாம் கலந்து ஓடும்.

ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்று சங்கம் அமைத்தார்கள். ஜப்பானியத்தில் 'தோசோகாய்' என்றால் முன்னாள் மாணவர் சங்கம். அங்கே ஜப்பானிய மொழி வகுப்பு நடத்துகிறார்கள். திரும்பி வந்தவர்கள் தங்கள் மொழிக்கு ஆள் தேடவில்லை, ஆட்களை உருவாக்கினார்கள்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை வருகிறது.

யானைக்கடை

கடைசி அறையைத் திறக்கிறேன். இது வீட்டுக்குள் இல்லை, மாமல்லபுரத்தில் இருக்கிறது.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கிளம்பினோம். ஐந்து ரதத்துக்குப் போகிற வழியில் வரிசையாகக் கற்சிற்பக் கடைகள். உளிச் சத்தம் இரண்டு பக்கமும். ஒரு கடை வாசலில் கட்டைவிரல் உயரத்தில் மாக்கல் யானைகள். பெரியவன் நின்றான். எலி நிகழ்ச்சியின் குட்டி யானை ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

"எலெஃபான்ட்!" என்றான், தனக்குத்தானே.

உள்ளே உட்கார்ந்து கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் தலை நிமிராமலே கேட்டார், "க்ளைன் ஓடர் க்ரோஸ்?" சின்னதா, பெரியதா? ஜெர்மனில்!

பையன் என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். பிறகு மடை திறந்தது! தன் மழலையர் பள்ளி, அங்கே பனியில் செய்த பொம்மை, தோழனின் நாய், நீல யானை, சைக்கிள் சங்கிலி என்று மூச்சு விடாமல் ஜெர்மன். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். விமானத்தில் அந்த மூன்று வயதுப் பிள்ளைக்குக் கிடைக்காத பதில் என் பிள்ளைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அவர் கல்லையும் உளியையும் கீழே வைத்துவிட்டு "யா, யா, உன்ட் டன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று!

அவர் கடல் தாண்டியதே இல்லை. பதினைந்து வயதில் கடற்கரையில் கல்மாலை விற்கும்போது சுற்றுலாப் பயணிகளிடம் கேட்டுக் கேட்டுக் கற்றது. ஜெர்மன், பிரெஞ்சு, கொஞ்சம் இத்தாலியன். எதையும் படிக்கத் தெரியாது. விலை சொல்லவேண்டும், பேரம் பேசவேண்டும், வாங்கியவர் மறுவருடம் வந்தால் குசலம் விசாரிக்கவேண்டும். அதற்காக வந்த மொழி. கேட்டுக்கொண்டிருந்த அவ்வா அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னை மாதிரிதான்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளி தராத ஒரு மொழியை வாழ்நாள் முழுக்கச் சுமக்கும் இரண்டு பேர் எதிரெதிரே நின்றார்கள், நடுவில் என் பிள்ளை.

அன்று அவன் 'ஹமர்', 'மைசல்' என்று இரண்டு புதிய ஜெர்மன் சொல் கற்றான். சுத்தி, உளி. ஜெர்மனியில் அவனுக்குத் தெரியாத சொற்கள் அவை! உளி என்ற தமிழ்ச் சொல்லையும் அன்றுதான் கற்றான். ஐந்நூறு வரை ஜெர்மனில் எண்ணவும் கற்றான், விலை கேட்டு விலை கேட்டு.

திரும்பும் முன் சாளுவன்குப்பத்துக்கும் போனோம். புலிக்குகைக்குப் பக்கத்தில் அதிரணசண்ட மண்டபம் என்ற பல்லவர் குடைவரை இருக்கிறது. அதன் ஒரு பக்கச் சுவரில் வடமொழி வாசகத்தைக் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கச் சுவரில் அதையே நாகரி எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். நடுவில் நின்று இரண்டு பக்கமும் காட்டினேன். "ஒரே விஷயத்தை எதுக்கு ரெண்டு தடவை எழுதினாங்க?" என்றான். நான் பதிலை யோசிக்கும் முன் அவ்வா சொல்லிவிட்டார், "ரெண்டு விதமான ஆளு வந்திருப்பாங்க ரா."

இப்போது மாதம் இரண்டு ஞாயிறு மாமல்லபுரம்தான். பையன் 'யானைக்கடை மாமா' என்று உரிமையோடு அழைக்கிறான். சின்னவளும் கூடவே வந்து 'யா, யா' என்கிறாள். அது அவளுடைய முதல் ஜெர்மன்.

முதல் நாள் திரும்பும்போது நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பஸ். ஜன்னல் ஓரத்தில் பெரியவன், மடியில் துணி சுற்றிய மாக்கல் யானை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தவன் என் பக்கம் திரும்பினான்.

"அம்மா, எல்லா யானைக்கடை மாமாவும் ஜெர்மன்தான் பேசுவாங்களா?"

முன் சீட்டிலிருந்து அவ்வா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அடுத்த ஞாயிறு வேற கடையில நின்னு கேட்டுப் பாப்போம் ரா" என்றார், தெலுங்கில்.